கிராவ்மார்க்ட் கடிதம் கைக்கு வந்தால்: ஜேர்மன் ஏற்றுமதிச் சொற்களை ஆங்கிலமாக்கும் முறை

டோர்ட்முண்டில் பதினான்கு வருடம் இருந்தேன். பாதிக் காலம் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கினேன், மீதிக் காலம் அதே கிடங்கின் கந்தோரில் பத்திரம் எழுதினேன். இப்போது கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்து ஜேர்மன் வியாபாரக் கடிதங்களை ஆங்கிலமாக்கிக் கொடுக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கிராவ்மார்க்ட், அதாவது ‘சாம்பல் சந்தை’ பற்றிய சொற்களில்தான்.

அகராதியைத் திறக்கமுதல் விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். கஸ்தூரியார் வீதியில் போன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் ஒரே போனுக்கு இரண்டு விலை இருக்கும். ஏனென்று கேட்டால், "அண்ணை, இது கம்பனி வாரண்டி, அது கடை வாரண்டி" என்பார். இரண்டும் அசல். இரண்டாவது மட்டும் ஏஜெண்டின் கை படாமல் வேறொரு நாட்டுச் சந்தையிலிருந்து வந்தது. கிராவ்மார்க்ட் என்பது இதுதான். அதை ‘பிளாக் மார்க்கெட்’ என்று எழுதினால் ஒரு வியாபாரியைக் கள்ளன் ஆக்கிவிடுவீர்கள். ‘கிரே மார்க்கெட்’ என்றே போடுங்கள். (முதலீடு பற்றிய கடிதத்தில் வரும் ‘கிராவர் காப்பிடால்மார்க்ட்’ வேறு சங்கதி. அது கண்காணிப்புக் குறைந்த முதலீட்டுச் சந்தை, சாமானோடு சம்பந்தமில்லை.)

கடிதத்தை எழுதியவர் யார் என்றும் பாருங்கள். தயாரிப்பாளரின் சட்டத்தரணி ‘கிராவ்இம்போர்ட்’ என்று எழுதுவார். அதே பெட்டிகளை இறக்கியவர் ‘பரலேல்இம்போர்ட்’ (சமாந்தர இறக்குமதி) என்பார். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ‘கிரே’யையும் ‘பேரலல்’லையும் மாற்றி மாற்றிப் போட்டால் நீங்கள் கட்சி மாறிக்கொண்டே இருப்பீர்கள். ‘இல்லீகல்’ என்ற சொல்லை மூலத்தில் இல்லாமல் சேர்க்கவே வேண்டாம். 1998இல் ஐரோப்பிய ஆணைக்குழு வொல்க்ஸ்வாகனுக்கு 102 மில்லியன் எக்கு (யூரோவுக்கு முன் இருந்த ஐரோப்பியக் கணக்கு நாணயம்) அபராதம் விதித்தது. ஜேர்மனி, ஒஸ்திரியாவிலிருந்து வந்தவர்களுக்குக் கார் விற்கவிடாமல் இத்தாலி டீலர்களைத் தடுத்ததற்காக. பின்னர் நீதிமன்றம் அதை 90 மில்லியன் யூரோவாகக் குறைத்தாலும் குற்றம் குற்றமாகவே நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே சாமான் எல்லை தாண்டுவது குற்றமில்லை, அதை மறித்ததுதான் குற்றமாயிற்று.

இனி எல்லோரும் விழும் குழிக்கு வருவோம். ‘அவுஸ்ஃபூர்’, ‘ஃபெர்பிரிங்குங்’ இரண்டையும் ‘எக்ஸ்போர்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜேர்மன் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தில் இரண்டும் இரண்டு. சாமான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, கொழும்புக்கோ துபாய்க்கோ போனால் அவுஸ்ஃபூர். ஹம்பேர்க்கிலிருந்து பாரிசுக்குப் போனால் ஃபெர்பிரிங்குங். முதலாவது ‘எக்ஸ்போர்ட்’, இரண்டாவது ‘ட்ரான்ஸ்ஃபர்’. ஆனால் கடிதம் கழிவுப்பொருள் பற்றியது என்றால் ஒன்றியத்தின் ஆங்கிலச் சட்டம் அதே ஃபெர்பிரிங்குங்கை ‘ஷிப்மெண்ட்’ என்கிறது. எனவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் வைத்திருப்பது உதவாது. ஒன்றியத்தின் சட்டங்கள் எல்லா மொழியிலும் கிடக்கும் யூர்லெக்ஸ் தளத்தில் அந்தச் சட்டத்தின் ஜேர்மன் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரே பிரிவு இலக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். நான் கட்டணம் வாங்குவதே பாதி இந்த வேலைக்குத்தான்.

‘எர்ஷோப்ஃபுங்’ என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது. களைப்பு என்று அர்த்தம். வைத்தியர் எழுதும் சொல். வர்த்தகச் சின்னம் பற்றிய கடிதத்தில் களைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்து, கெட்டித்தனமாக ‘எக்ஸ்பயரி’ என்று மாற்றினேன். கடிதம் திரும்பி வந்தது. ஆங்கிலச் சட்டத்திலும் அது ‘எக்ஸோஸ்ஷன்’தானாம்! சின்னத்தின் உரிமையாளர் பொருளை ஒருதரம் சந்தையில் விட்டால், அதை அடுத்தவர் மறுபடி விற்பதைத் தடுக்கும் உரிமை அத்தோடு தீர்ந்துபோகிறது என்பது பொருள். ஆனால் எந்தச் சந்தையில் விட்டார் என்பது முக்கியம். ஒஸ்திரிய மூக்குக்கண்ணாடி நிறுவனமான சில்ஹூவெட், மோஸ்தர் போன 21,000 பிரேம்களைப் பல்கேரியாவுக்கு விற்றது. அவை ஒஸ்திரியாவுக்கே திரும்பி வந்து ஒரு மலிவு விலைக் கடையில் விற்பனைக்கு வந்தன. பல்கேரியா அப்போது ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு (ஒன்றியமும் அதோடு சேர்ந்த நோர்வே போன்ற சில நாடுகளும்) வெளியே விற்றதால் உரிமை தீராது என்று 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. எனவே எர்ஷோப்ஃபுங்குக்கு முன்னால் ‘வலயத்துக்குள்’, ‘சர்வதேச’ என்று ஏதாவது அடைமொழி நின்றால் அதைத் தவறவிடாதீர்கள். வழக்கே அதில்தான் நிற்கும்.

கார்க் கடிதங்களில் ‘டாகெஸ்சூலாசுங்’ வரும். ‘ஒருநாள் பதிவு’ என்று சொல்லுக்குச் சொல் எழுதினால் வாசிப்பவர் தற்காலிக இலக்கத்தகடு என்று நினைப்பார். டீலர் தன் பெயரில் சும்மா பதிந்து, ஓடாமல் வைத்து, விலை குறைத்து விற்கும் கார் அது. பிரித்தானியர் ‘ப்ரீ ரெஜிஸ்டர்ட்’ என்பார்கள். ‘ஃபெர்ட்ராக்ஸ்ஹெண்ட்லர்’ என்பதும் ‘கொன்ட்ராக்ட் டீலர்’ இல்லை, ‘ஓதரைஸ்ட் டீலர்’.

‘எண்ட்ஃபெர்பிளைப்ஸ்எர்க்ளேருங்’ கண்டால் பயப்பட வேண்டாம், நீளம்தான். சாமான் கடைசியில் எங்கே, யாரிடம், எதற்காக நிற்கும் என்று வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் பத்திரம். ஆங்கிலத்தில் ‘எண்ட் யூஸ் சேர்ட்டிஃபிகேட்’. ‘அவுஸ்ஃபூர்கெநேமிகுங்’ என்பதை ‘பெர்மிஷன்’ என்று விடாமல் ‘எக்ஸ்போர்ட் லைசன்ஸ்’ என்று எழுதுங்கள்.

அனுப்பமுதல் இலக்கங்களை மட்டும் தனியாக ஒருக்காப் பாருங்கள். ஜேர்மனியர் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். 12.500 என்று நிற்பது பன்னிரண்டரை இல்லை, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.