இடைக்கால ஆங்கிலேய நிலப்பத்திரத்தையும் நிபந்தனைக் கடன்சீட்டையும் வாசிக்கும் முறை

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களில் பழைய ஒத்திப் பத்திரங்களை வாசித்துப் பழகியவர்களுக்கு, இடைக்கால இங்கிலாந்தின் நிலப்பத்திரம் அவ்வளவு அந்நியமானதன்று. மொழி பெரும்பாலும் லத்தீன். ஆயினும் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், நிலம், எல்லை, வில்லங்கம் வந்தால் காப்பதாக உறுதி, சாட்சிகள் என்னும் வரிசை நமக்குப் பழகியதே. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்க்கத் தொடங்காமல், நகலில் இந்த உறுப்புகளை முதலில் பென்சிலால் பிரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைத் தேட வேண்டாம். மெழுகு முத்திரையே அங்கு ஒப்புதல்.

கன்னடியன் கால்வாய்க்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு என்று நாம் எழுதுவதுபோல, அவர்களும் இருபுறத்து நிலக்காரர் பெயர்களையும் நிலத்தின் தலைமாடு தொடும் பாதையையும் எழுதினார்கள். நம்மூர்க் கோட்டை விதைப்பாடு விதையளவிலிருந்து வந்ததைப்போல, ஏக்கர் உழவிலிருந்து வந்த அளவு; அது ஊருக்கு ஊர் வேறுபட்டதால் இன்றைய கணக்கில் பெருக்கிப் பார்க்கக் கூடாது.

தேதி பெரும்பாலும் அரசரின் ஆட்சியாண்டிலும் திருநாள் பெயரிலும் இருக்கும். நெல்லையப்பர் கோயில் கல்வெட்டில் பாண்டியரின் யாண்டைக் கணக்கிடுவது போன்ற வேலைதான் இது. மூன்றாம் எட்வர்டின் ஆட்சியாண்டுகள் 1327 ஜனவரி 25 முதல் எண்ணப்படுவதால், அவருடைய 10-ஆம் ஆண்டு 1336 ஜனவரி 25 அன்று தொடங்குகிறது. அவ்வாண்டின் மிக்கேல் அதிதூதர் திருநாள் 1336 செப்டம்பர் 29.

மிகுந்த கவனம் வேண்டியது கடன்சீட்டில்தான். இன்னாருக்கு 40 பவுண்டு தர வேண்டியவன் என்று முகப்பில் ஒருவர் ஒப்புக்கொண்டிருப்பார். அடியிலோ பின்புறத்திலோ, சில வேளைகளில் தனி ஏட்டிலோ, குறித்த நாளுக்குள் 20 பவுண்டு செலுத்திவிட்டால் இந்தச் சீட்டு செல்லாது என்ற நிபந்தனை இருக்கும். உண்மைக் கடன் 20. முகப்புத் தொகை தவணை தவறினால் விழும் தண்டம், பெரும்பாலும் கடனின் இருமடங்கு. அன்றைய பொதுச் சட்டப்படி ஒரு நாள் தவறினாலும் முழுத்தொகையும் கேட்கலாம் என்பதால், அந்த நாளைக் குறிக்காமல் தொகையை மட்டும் எடுத்தெழுதுவது கடன்பட்டவருக்கு நாம் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். தொகை மார்க் கணக்கில் இருந்தால், ஒரு மார்க்குக்கு 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலக் கிரயத்திலும் இதே ஐயம் வேண்டும். முழு விற்பனைபோலத் தோன்றும் பத்திரத்துக்கு, பணம் திரும்பினால் நிலமும் திரும்பும் என்று சொல்லும் தனி ஏடு இருந்திருக்கலாம். அப்படியானால் அது நம் ஒத்தியைப் போன்ற ஈடே. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்துக்கு 1929-இல் வந்த திருத்தம், நிபந்தனைக் கிரயத்தை அடைமானமாகக் கொள்ள அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. இடைக்கால இங்கிலாந்தில் அத்தகைய காப்பு இல்லாததால், அதே இருவர் பெயரில் அதே நாளையொட்டி எழுதப்பட்ட மற்ற ஏடுகளையும் தேடிப் பார்த்த பிறகே விற்பனை என்று குறியுங்கள்.