எலியைத் தொடும் முன்பே நடக்கும் தவறுகள்

விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் ஃபார்ம் பி-யில், விலங்கில்லாமல் இதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி உண்டு. பலர் சீனியரின் பழைய படிவத்தைத் திறந்து, "மாற்று இல்லை" என்ற வரியை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். தேடவே இல்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். முயலின் முதுகில் பார்த்துவந்த தோல் எரிச்சல் சோதனையை, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவில் செய்யும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு) வழிமுறை 2010இலேயே வந்துவிட்டது.

செல் வளர்ப்புக்கு மாறியதும் "இனி விலங்கே இல்லை" என்று எழுதுவது இன்னொரு தவறு. செல் வளர ஊற்றும் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த திரவம், பெரும்பாலும் பசுவின் கருவிலிருந்து எடுத்தது. அதையும் கணக்கில் காட்டுங்கள்.

அடுத்தது விலங்குகளின் எண்ணிக்கை. குரூப்புக்கு ஆறு என்பது ஏதோ ஜாதகப் பொருத்தம் மாதிரி நிலைத்துவிட்டது. ஏன் ஆறு என்றால் பதில் வராது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சொன்ன மாற்று (விலங்கில்லா வழி), குறைப்பு (குறைவான விலங்குகள்), மேம்பாடு (வலி குறைந்த முறை) என்ற மூன்றில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது குறைப்பைத்தான். எட்டு தேவைப்படும் இடத்தில் நான்கை வைத்தால், முடிவு எதுவும் சொல்லாது, நான்கும் வீண். புள்ளியியல் தெரிந்தவரிடம் சோதனைக்கு முன்னால் போங்கள், தரவைத் தூக்கிக்கொண்டு பின்னால் அல்ல.

சரி, எலிகள் வந்துவிட்டன. கூண்டுக்குள் கையை விட்டு, முதலில் அகப்பட்டவற்றை மருந்து தராத கன்ட்ரோல் குரூப்புக்கும் மிச்சத்தை மருந்துக் குரூப்புக்கும் போடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். முதலில் அகப்படுவது மந்தமானதாகவோ சாதுவானதாகவோ இருக்கலாம். கடைசி எலி, அந்தக் கை நாலு முறை வந்து போனதைப் பார்த்து உமிக்குள் பதுங்கியது. இப்படிப் பிரித்தால், பிறகு தெரியும் வித்தியாசம் மருந்தால் வந்ததா, பிடித்த வரிசையால் வந்ததா? எண் போட்டுக் குலுக்கிப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும்.

வாலைப் பிடித்துத் தூக்குவதையும் விடுங்கள். அப்படித் தூக்கிய சுண்டெலிகளுக்குப் பதற்றம் கூடுகிறது, குழாய்க்குள் நுழையவிட்டோ இரு கையில் ஏந்தியோ எடுத்தால் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். ஒரு பிளாஸ்டிக் குழாய்க்கு என்ன பெரிய செலவு! பயந்த எலியின் நடத்தையை அளந்துவிட்டு மருந்தின் விளைவு என்று எழுதுவதைவிட அது மலிவு.

அப்புறம், ஒரு விலங்கின் மீதான சோதனையை எப்போது நிறுத்துவது? எடை இவ்வளவு குறைந்தால், தீனி எடுக்காவிட்டால், நடக்க முடியாவிட்டால் என்று அளவோடு முன்கூட்டியே எழுத வேண்டும். "தேவைப்பட்டால் வலியின்றிக் கொல்லப்படும்" என்பது போதாது. வெள்ளிக்கிழமை மாலை மூன்றாவது கூண்டில் ஒன்று முடி சிலிர்த்துச் சுருண்டு கிடக்கும். ஆராய்ச்சிக் கைடு ஊரில் இருக்க மாட்டார். தீனி போட வந்தவருக்கு யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் திங்கள் வரை அது அப்படியே கிடக்கும். அந்த அளவுகளையும், முடிவெடுக்கக்கூடிய இரண்டு பேரின் போன் நம்பரையும் விலங்கறைக் கதவிலேயே ஒட்டிவையுங்கள்.