பணிக்குழுவுக்கு உளவியலாளரை அமர்த்துவது எப்படி? ஆம்பூர்ப் பக்கத்து அனுபவத்திலிருந்து ஒரு வழிகாட்டி

ஆள் எடுப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்ப்பது என்று பதினெட்டு ஆண்டுகளை ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் இடையே உள்ள காலணித் தொழிற்சாலைகளில் கழித்தவன் நான். தையல் பிரிவு சூப்பர்வைசர்களுக்காக ஓர் உளவியலாளரை அமர்த்தும் பொறுப்பு இரண்டு முறை என் தலையில் விழுந்தது. முதல் முறை பணமும் போயிற்று, ஆட்களுக்கு நிர்வாகத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. இரண்டாம் முறை, வேறொரு நிறுவனத்தில், உருப்படியாக ஏதோ நடந்தது. இரண்டு உளவியலாளர்களும் நன்றாகப் படித்தவர்கள், திறமைசாலிகள். தவறும் சரியும் அவர்களை நாங்கள் அழைத்து வந்த விதத்தில்தான் இருந்தன என்பதால், அந்த விதத்தைப் பற்றியே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆளைத் தேடுமுன் ஒரு தாள்

உளவியலாளர் எவருக்கும் போன் செய்வதற்கு முன்னால் ஒரே ஒரு தாளை எடுத்து, குழுவில் என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து நடக்கிறது, யார் யாருக்கிடையே நடக்கிறது, அதைச் சரிசெய்ய இதுவரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ‘ஒற்றுமை இல்லை’, ‘மோட்டிவேஷன் போதவில்லை’ போன்ற சொற்களை அந்தத் தாளில் அனுமதிக்காதீர்கள். ‘மூன்றாம் லைன் சூப்பர்வைசரும் லாஸ்டிங் பிரிவு ஃபோர்மேனும் நேருக்கு நேர் பேசுவதில்லை, ஹெல்பர் பையன் மூலமாகத்தான் சேதி போகிறது’ என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். (லாஸ்டிங் என்பது தைத்த மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்தும் வேலை.)

நாங்கள் அப்படி எழுதி முடித்தபோது சண்டையில் பாதி வேறு இடத்திலிருந்து வந்தது தெரிந்தது. கட்டிங் பிரிவிலிருந்து வரும் கட்டுகளில் சைஸ் எண் சரியாகக் குறிக்கப்படாததால், தைத்து முடித்த அப்பர்களில், அதாவது காலணியின் மேல்பாகங்களில், இடது ஒரு சைஸும் வலது ஒரு சைஸுமாக ஜோடி மாறியிருந்தது. அதைப் பிரித்து அடுக்குவதற்கே தினமும் ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவர் மேல் ஒருவர் எறிந்த சொற்கள்தாம் எங்கள் காதில் ‘ஈகோ பிரச்சினை’ என்று விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் அட்டைச் சீட்டு கட்டச் சொன்னோம், ஒரே வாரத்தில் கூச்சல் பாதியாகக் குறைந்தது. இந்த வேலைக்கு உளவியலாளர் தேவையில்லை.

அதேபோல, எட்ட முடியாத டார்கெட், கூடுதல் நேரத்துக்குச் சேர வேண்டிய இரட்டிப்புக் கூலியில் இழுபறி, கழிப்பறைக்குப் போகக் கணக்கு வைப்பது ஆகியவை நிர்வாகம் சரிசெய்ய வேண்டியவை. இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ‘மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி’ என்று வகுப்பு நடத்தினால், ஆட்கள் அதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொள்வதும் நியாயமே. பாலியல் தொல்லை பற்றிய புகார் ஏதும் தாளில் வந்தால் அதை உளவியலாளரிடம் தள்ளவே கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், புகார் அங்கேதான் போக வேண்டும், விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

இவையெல்லாம் கழிந்த பின்னும் தாளில் மீதி ஏதாவது இருந்தால், அந்த மீதிதான் உளவியலாளரின் வேலை. எங்கள் தாளில் மீதியிருந்தது இதுதான்: தையல்காரர்களாக இருந்து பதவி உயர்ந்த பெண்கள் நேற்றுவரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களை அதட்ட முடியாமலும், அதட்டாமல் வேலை வாங்கத் தெரியாமலும் தவித்தார்கள். ஏழு மாதத்தில் மூன்று பேர் ‘எனக்கு பழைய மெஷினே போதும் சார்’ என்று சூப்பர்வைசர் வேலையைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

எப்படிப்பட்டவரைத் தேடுவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து அதன்மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் உளவியல் படித்தவர், மருந்து எழுத மாட்டார். உளவியலாளர்களிலேயே மருத்துவ உளவியலாளர் நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்குப் பயிற்சி பெற்றவர். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதையொட்டியே அவரை வரையறுக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை, உண்மையான ஆள் கேட்கும் முன்பே தந்துவிடுவார்.

ஆனால் ஒரு பணிக்குழுவோடு வேலை செய்யப் பெரும்பாலும் தேவைப்படுபவர் தொழில் அல்லது நிறுவன உளவியல் படித்தவர், அல்லது குழுக்களோடு பழகிய ஆலோசனை உளவியலாளர். இவர்களுக்கு மருத்துவ உளவியலாளருக்கு இருப்பது போன்ற நெடுநாளைய பதிவேடு கிடையாது. எனவே முதுகலைப் பட்டம் எதில், எந்தப் பல்கலைக்கழகத்தில், யாருடைய மேற்பார்வையில் எத்தனை ஆண்டு என்று நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வார இறுதிப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழ்களை வரிசையாக மாட்டியிருப்பவர், கைரேகையைப் பார்த்து மூளைத் திறனைச் சொல்கிறேன் என்பவர், கையெழுத்திலிருந்து குணத்தைக் கணிப்பவர் ஆகியோரைக் கும்பிட்டு வழியனுப்பிவிடுங்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் வேறு தொழில் செய்பவர், ஆண்டு விழாவுக்கு அழைக்கலாம்.

மொழியைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், நான் முதலிலேயே கேட்பேன். நம் பக்கத்து லைனில் தமிழ் பேசுபவருக்குப் பக்கத்தில் வீட்டில் உருது பேசுபவர் உட்கார்ந்திருப்பார், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து வருபவர்களில் தெலுங்கு பேசுபவர்களும் உண்டு. சென்னையிலிருந்து வந்த ஒருவர் ஆங்கிலச் சொற்களை அடுக்கிப் படம் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் ஓர் அம்மா மெதுவாகத் தன் ஓவர்கோட்டில் பிரிந்திருந்த தையலைச் சரிசெய்யத் தொடங்கியதை நான் பார்த்தேன். மனதில் உள்ளதைச் சொல்லும்போது மனிதர் வீட்டு மொழிக்குத்தான் திரும்புவார். உருது தெரிந்த உளவியலாளர் கிடைக்காவிட்டால், மொழிபெயர்ப்புக்கு அலுவலக ஆளை உட்கார வைக்காமல், குழுவே தேர்ந்தெடுக்கும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கையில் தரும் கேள்வித்தாளும் முறையாகத் தமிழாக்கிச் சரிபார்க்கப்பட்டதா என்று கேளுங்கள்.

நேரில் பேசும்போது இரண்டு கேள்விகள் எனக்குப் பெரிதும் உதவின. ‘ஒரு குழுவோடு வேலை செய்தும் பலன் இல்லாமல் போன அனுபவம் ஏதாவது உண்டா?’ என்பது ஒன்று. ‘நாங்கள் என்ன கேட்டால் இந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து போவீர்கள்?’ என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு, நாங்கள் பின்னால் அமர்த்திய அம்மையார் யோசிக்கவே இல்லை. ‘யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால்’ என்றார்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

அந்தப் பதில் எனக்கு ஏன் உறைத்தது என்றால், முதல் முறை நாங்கள் விழுந்த குழி அதுதான். அங்கே உளவியலாளர் இரண்டு அமர்வுகள் அருமையாக நடத்தினார். இரண்டாவது அமர்வில் ஒரு சூப்பர்வைசர் அழுதுவிட்டார், யாரால் என்பதையும் சொல்லிவிட்டார். மாலையில் டீ குடிக்கும்போது உற்பத்தி மேலாளர் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்க, உளவியலாளரும் நல்லெண்ணத்தில் கொஞ்சம் சொல்லிவிட்டார். பத்து நாளில் அந்தப் பெண் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டார். மூன்றாவது அமர்வுக்கு எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் அந்த டீ மேசையில்தான் இருந்தேன், தடுக்கவில்லை.

ஆகவே கூலியைப் பேசும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பணம் கொடுப்பது நிர்வாகம், ஆனால் உளவியலாளர் யாருக்குப் பொறுப்பு? அமர்வில் பேசப்பட்டது அமர்வோடு நிற்கும். நிர்வாகத்துக்குப் போவது பெயர் இல்லாத பொதுக் கருத்துகள் மட்டுமே, அவையும் முதலில் குழுவுக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட வடிவத்தில் மட்டுமே போகும். ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவைத் தனியாகக் குறிப்பிடக் கூடாது, மூன்று பேர் உள்ள பிரிவைப் பற்றிப் ‘பெயர் சொல்லாமல்’ எழுதினாலும் யார் என்று தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிடும். யாராவது தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால் மட்டும் இரகசியம் மீறப்படலாம் என்பதையும், அப்போது யாருக்குச் சொல்வார் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். குறிப்புகள் உளவியலாளரிடமே இருக்கும், நம் அலுவலகக் கோப்பில் சேராது.

இன்னொரு வரி அதே அளவுக்கு முக்கியம்: குழுவோடு வேலை செய்யும் உளவியலாளரே பதவி உயர்வுக்கோ ஆள் குறைப்புக்கோ கருத்துச் சொல்லக் கூடாது. ‘வந்ததுதான் வந்தீர்கள், இந்த நாலு பேரையும் கொஞ்சம் மதிப்பிட்டுச் சொல்லுங்கள்’ என்று கேட்கும் ஆசை முதலாளிகளுக்கு எழுவது இயல்பு. அதற்கு ஆள் வேண்டுமென்றால் வேறு ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணிக் கணக்கா, நாள் கணக்கா, மொத்த வேலைக்கா என்று தெளிவாக்கிக்கொண்டு, லைனைப் பார்வையிடும் நாள், தயாரிப்பு, பயணம், அறிக்கை ஆகியவை அதில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். ஒரே நாள் பயிற்சியை வாங்காதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு அமர்வுகளாவது இல்லாமல் குழுவில் எதுவும் அசையாது என்பது என் கணிப்பு.

குழுவிடம் சொல்வது, இடம், நேரம்

நான் முதன்முதலாக விஷயத்தைச் சொன்னபோது மூத்த சூப்பர்வைசர் ஒருவர் சிரிக்காமல் கேட்டார்: ‘எங்களுக்கு இன்னா சார், பைத்தியமா புடிச்சிகீது? நேரா பாகாயத்துக்கே அனுப்பிடறது தானே?’ வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருப்பதால், நம் ஊர்க்காரர்களுக்கு உளவியல் என்ற சொல் நேராக அங்கேதான் போய் நிற்கிறது. இந்தக் கேள்விக்கு முதலாளி பதில் சொல்லக் கூடாது, நானும் சொல்லியிருக்கக் கூடாது. உளவியலாளரையே அழைத்து, நிர்வாகத்தார் ஒருவரும் இல்லாமல் அரை மணி நேரம் அவர்களோடு பேசவிட்டு, வர விருப்பமில்லாதவர் வராமலிருக்கலாம் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பதே நல்லது. பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் வரவில்லை. நான்காம் அமர்வில் அதில் ஒருவர் தானாக வந்து உட்கார்ந்தார்.

நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு ஒதுக்குங்கள். சாப்பாட்டு இடைவேளையைத் தொடாதீர்கள். வேலை முடிந்த பின் வைத்தால் கம்பெனி பஸ் போய்விடும். மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போக வேண்டிய பெண் அமர்வு முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளே தவிர, காது கொடுக்க மாட்டாள். கண்ணாடிச் சுவர் உள்ள கான்ஃபரன்ஸ் அறையும் வேண்டாம், ஒருவர் கண்ணைத் துடைத்தால் வெளியே நிற்பவருக்குத் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது சாம்பிள் அறை. தோல் வாடை இருந்தாலும் கதவு மூடியது, நாற்காலிகளை வட்டமாகப் போட முடிந்தது. ஷிப்மென்ட் போகும் வாரத்தில் அமர்வே வைக்காதீர்கள்.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

உள்ளே நடப்பதைக் கேட்கக் கூடாது என்றால் பலனை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். முதல் தாளில் எழுதியவற்றையே மறுபடி பாருங்கள். ஹெல்பர் பையன் இன்னும் தூது போகிறானா? ரீவொர்க், அதாவது திரும்பச் சரிசெய்ய வேண்டியவற்றின் எண்ணிக்கை என்ன? லீவு எத்தனை? சூப்பர்வைசர் வேலையைத் திருப்பிக் கொடுப்பவர்கள் குறைந்தார்களா? எங்களிடம் ஐந்தாம் அமர்வுக்குப் பிறகு சூப்பர்வைசர்கள் தாங்களாகவே காலையில் பத்து நிமிடம் லாஸ்டிங் ஃபோர்மேனோடு நின்று பேசத் தொடங்கினார்கள். ரீவொர்க் உடனே குறைந்துவிடவில்லை, லீவு மட்டும் கொஞ்சம் குறைந்தது. நேர்மையாகச் சொன்னால் அதில் எவ்வளவு உளவியலாளரால், எவ்வளவு அட்டைச் சீட்டால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

குழு வேலையின் நடுவே யாருக்காவது சிகிச்சை தேவை என்று தெரியவரும். அதைக் குழு அமர்வில் வைத்துத் தீர்க்க முயலாமல், உளவியலாளர் அவரிடம் மட்டும் தனியாகப் பேசி வழிகாட்ட வேண்டும். பாகாயம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசக்கூடிய அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. இந்த எண்ணைக் கேன்டீன் சுவரில் ஒட்டுவதைவிடக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

ஆறு அமர்வு முடிந்ததும் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடாமல், மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அவர் மறுபடி வந்து குழுவோடு உட்காரும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்த நாளுக்கான தேதியையும் தொகையையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் வந்து குவியும்போது அதைக் கேட்டு வாங்க யாருக்கும் வாய் வராது.