ஹனுக்காவுல குட்டீஸுக்கு கணக்கு சொல்லிக்குடுக்கலாம்

யூதர்கள் கொண்டாடுற ஹனுக்கா 8 ராத்திரி, 4, 5 வயசு பசங்களுக்கு எண்ண பழக்க அருமையான பண்டிகை. முதல் நாள் ஒரு மெழுகுவர்த்தி, கூடவே மத்ததெல்லாம் ஏத்துற ஷமாஷ்ங்கற மெழுகுவர்த்தி, அப்புறம் தினமும் ஒண்ணு கூடும். வலது பக்கத்துலேர்ந்து அடுக்க சொல்லுங்க, ஏத்துறது மட்டும் புதுசா வச்சதுலேர்ந்து, அதாவது இடமிருந்து வலமா. தீ வைக்கிறது பெரியவங்க வேலை, பசங்க அடுக்கினா போதும். கடைசி நாள் எல்லா ராத்திரிக்கும் சேத்து கூட்டுங்க, ராத்திரிக்கு ஒரு ஷமாஷையும் சேத்தா 44 வரணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ட்ரெய்டல் பம்பரம் தான், நாலு பக்கத்துலயும் ஒவ்வொரு ஹீப்ரு எழுத்து இருக்கும். ஆளுக்கு காசு மாதிரி இருக்குற சாக்லேட் 10 குடுத்து, நடுவுல ஆளுக்கு ஒண்ணு போட சொல்லுங்க, பம்பரத்த சுத்தி நுன் எழுத்து விழுந்தா ஒண்ணும் கிடைக்காது, கிமெல்னா எல்லாத்தையும் அள்ளிக்கலாம், ஹேன்னா பாதி, ஷின்னா ஒண்ணு போடணும் (இஸ்ரேல் பம்பரத்துல ஷின்னுக்கு பதிலா பே இருக்கும்). அந்த பாதிய அவங்களே கையால பிரிக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க.