புது பைக்கில் செயின் கெதியாகத் தேய்கிறதா? முதலில் அந்த ரப்பர் பட்டியைப் பாருங்கள்

பைக் எடுத்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் செயின் தொங்குகிறது, பின் ஸ்ப்ரொக்கெட்டின் (செயின் ஓடுகிற பற்சில்லின்) பல் கூராகிவிட்டது என்றால் எல்லோரும் முதலில் சொல்வது "இப்ப வாற சாமான் சரியில்லை" என்பதுதான். சிலவேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓடுகிற பைக்குகளில் பெரும்பாலும் காரணம் வேறு: புழுதி, உப்பு, செயினின் இறுக்கம், கோணலாக நிற்கிற சில்லு. இவற்றில் எது என்று பார்க்காமல் புதுச் செயின் செட் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

எது என்று கண்டுபிடிக்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பின் சில்லைத் தாங்குகிற சுவிங் ஆர்மின் முன்பக்கத்தில், செயின் இரும்பில் உரசாமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர் பட்டி போட்டிருப்பார்கள். செயின் கவரைக் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதைத் துடைத்து, ரோச் லைட் அடித்துப் பாருங்கள். நடுவில் ஆழமில்லாத, சீரான தடம் ஒன்று இருந்தால் பயமில்லை, ஓடினால் அவ்வளவு தேயத்தான் செய்யும். தடத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் பின் சில்லு நேராக இல்லை. பட்டி கொத்துப்பட்டுப் பிய்ந்து கிடந்தால் செயின் தொய்ந்து அடித்திருக்கிறது, அக்சிலேற்றரை விட்டுப் பிடிக்கும்போது டக் டக் என்று சத்தமும் கேட்டிருக்கும். தடத்துக்குள் கறுப்பாக ஏதோ அப்பியிருந்து, விரலால் உருட்டும்போது நறநறத்தால் அது ஒயிலும் மணலும் சேர்ந்தது. பட்டி முழுக்கத் தேய்ந்து இரும்பே தெரிகிறது என்றால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் பட்டியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் செயின் சுவிங் ஆர்மையே அறுக்கத் தொடங்கிவிடும்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம், உண்மையில் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள பின் (pin) என்கிற சின்ன ஆணியும் அதைச் சுற்றிய புஷ் என்கிற குழாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன, நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளின் தேய்வு ஒன்றாகச் சேரும்போது செயின் தொங்குகிறது. அந்தத் தேய்வைக் கெதிப்படுத்துவது மணல்தான். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் புழுதி, மணற்காட்டுப் பக்கம் போனால் மணல், பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு உப்புக் காற்று, பிறகு மாரி வந்தால் வெள்ளம். இதற்கு மேல் சில கராஜுகளில் என்ஜினால் இறக்கின கழிவு ஒயிலை எடுத்துச் செயினுக்கு ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை ஊற்ற விடாதீர்கள். அதில் ஏற்கனவே இரும்புத் துகள் இருக்கிறது, மெல்லிசானதால் பாதி சிதறிச் சில்லில் அப்பும், மிச்சம் புழுதியைப் பிடித்து வைத்திருக்கும்.

சுத்தம் செய்வது கடினமான வேலை இல்லை. மெயின் ஸ்ராண்டில் ஏற்றி, என்ஜினை நிற்பாட்டி, நியூட்ரலில் வைத்து, சில்லைக் கையால் சுற்றிச் சுற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் மண்ணெண்ணெய் போட்டுத் தேயுங்கள். கியரில் ஓடவிட்டுத் துணி பிடிக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது, துணி ஸ்ப்ரொக்கெட்டுக்குள் போனால் விரலும் சேர்ந்து போகும், ஒருபோதும் செய்ய வேண்டாம். தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் உள்ள செயின் என்றால் பெற்றோலும் கம்பிப் பிரஷும் படவே கூடாது. நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, 90ஆம் நம்பர் கியர் ஒயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கத்தில், தகடுகள் சேருகிற விளிம்பில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், சில்லு சுற்றும்போது அது வெளிப்பக்கம் பரவும். இரவு முழுக்க விட்டுக் காலையில் மேலே தெரிகிற ஒயிலைத் துடைத்துவிட வேண்டும், ஒயில் வேண்டியது உள்ளேதான். 500 கிலோமீற்றருக்கு ஒருக்கா இதைச் செய்தால் போதும், மழையில் ஓடினால் அல்லது தீவுப்பகுதிக்குப் போய் வந்தால் அதற்கு முன்னமே. கழுவுகிற தண்ணியையும் கவனியுங்கள், சவர்க் கிணற்றுத் தண்ணியால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுகிறீர்கள்.

இறுக்கம் பற்றி. சத்தம் வருகிறது, நல்லா இறுக்கிவிடுங்கோ என்று கேட்பவர்கள் நிறைய. சாதாரண பைக்குகளில் கீழ்ச் செயினின் நடுவில் மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைவு கேட்பார்கள், உங்கள் பைக்குக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும், அதையே பிடியுங்கள். சில்லைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, அதிகம் இறுகுகிற இடத்தில் அந்த அளவு வர வேண்டும். இரண்டு பேர் ஏறி, திருநெல்வேலிச் சந்தையில் வாங்கின மரக்கறி மூட்டையும் வைத்தால் சுவிங் ஆர்ம் மேலெழுந்து செயின் இன்னும் இறுகும், ஏற்கனவே முறுக்கி வைத்திருந்தால் அந்தப் பாரம் முழுக்க முன் ஸ்ப்ரொக்கெட்டின் பெயாரிங்கில் விழும். அது போனால் என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

இறுக்கத்தைச் சரிசெய்ய, பின் சில்லின் அச்சு நட்டைத் தளர்த்தி, சில்லை நகர்த்துகிற இரண்டு பக்க அட்ஜஸ்ரரையும் ஒரே அளவு திருப்புங்கள். சுவிங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், சுவிங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து அச்சின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், ஒரே அளவாக இருக்க வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு பின் பிரேக்கை மறக்க வேண்டாம். சில்லு பின்னுக்கு நகர்ந்தால் டிரம் பிரேக்கின் கம்பி இறுகும், அப்படியே ஓடினால் பிரேக் உரசிச் சூடாகும். பெடலின் அசைவையும் பிரேக் லைட்டையும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கடைசியில், மாற்றத்தான் வேண்டுமா என்று எப்படித் தெரியும்? 428 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீற்றர். இழுத்துப் பிடித்துக்கொண்டு முதலாம் பின்னின் நடுவிலிருந்து 21ஆம் பின்னின் நடு வரை அளந்தால் புதுசில் 254 வரும், 259ஐத் தாண்டினால் அது முடிந்துவிட்டது. மாற்றும்போது முன், பின் ஸ்ப்ரொக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். பட்டியையும் அப்போதே புதுசாகப் போடுங்கள். செயினைப் பூட்டுகிற கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசைக்கு முன்னால் இருக்க வேண்டும், கராஜில் போட்டுத் தந்தாலும் வெளிக்கிட முன் குனிந்து ஒருக்கா பாருங்கள்.