மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லையா? பலரும் செய்யும் தவறுகள்

வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்து, லிஃப்ட் வேலை செய்யாததால் இரண்டு மாடி ஏறி வந்திருந்தார் அந்த அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள்: 178/100. பத்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, அவர் கைக்குச் சரியான பெரிய பட்டையைக் கட்டிப் பார்த்தேன்: 152/90. அப்புறம் மஞ்சள் பையிலிருந்த மாத்திரை அட்டைகளைக் கொட்டி எண்ணினோம். மாதக் கடைசியில் தீர்ந்திருக்க வேண்டிய நீர் மாத்திரையில் 19 மிச்சம் இருந்தது.

"அதப் போட்டா ஒண்ணுக்கு வந்துகிட்டே இருக்கும் தம்பி. பஸ்ல வேலைக்குப் போறவ என்ன பண்ணுவேன்?" என்றார்.

சென்னையில் மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். மாத்திரை எண்ணுவது என் தினசரி வேலை. 'எந்த மருந்துக்கும் அடங்காத பிரஷர்' என்று எழுதி அனுப்பப்படுகிறவர்களில் பலருடைய பிரஷர் உண்மையில் அடங்காததல்ல. அதை முதலில் பிரித்துப் பார்க்காமல் அடுத்த மருந்துக்குத் தாவுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளை, அவற்றில் ஒன்று நீர் மாத்திரையாக, உடம்பு தாங்கும் முழு அளவில் எடுத்தும் ரத்த அழுத்தம் இலக்குக்கு வரவில்லை என்றால்தான் மருத்துவத்தில் அதை அடங்காத ரத்த அழுத்தம் என்கிறார்கள். அந்த அம்மாவின் சீட்டில் மூன்று மருந்து இருந்தது, உடம்புக்குள் போனது இரண்டுதான். மாத்திரையை எந்த நேரத்தில் போட்டால் அவருக்குத் தோது என்று டாக்டரிடம் பேசியபோது பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜெர்மனியில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அடங்காத பிரஷர் என்று கருதப்பட்டவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் மருந்தை எழுதிக்கொடுத்தபடி எடுக்கவில்லை என்று தெரிந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவருகிறது. ஆனால் வாங்கி வைத்த மாத்திரை ஏன் அட்டையிலேயே இருக்கிறது என்பதை யாராவது கோபப்படாமல் கேட்டால்தான் தெரியும்.

அளக்கும் விதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையை மடியில் வைத்தால் மேல் எண் சராசரியாக 4 புள்ளியும், தொங்கவிட்டால் 6 புள்ளிக்கு மேலும் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2024-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் ஏறக்குறைய 20 புள்ளி கூடுகிறது என்பது 2023-இல் வந்த இன்னோர் ஆய்வு. ஒரு மாத்திரை கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற அளவு அது. அரை மணி நேரம் முன்பே காபியை நிறுத்தி, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க இரண்டு முறை பாருங்கள். வீட்டில் எழுதிவைத்த ஒரு வாரக் கணக்கு, ஓ.பி. வரிசையில் நின்று பார்த்த ஒரு எண்ணைவிட எனக்கு அதிகம் சொல்லும்.

அடுத்தது, டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவை. முட்டிவலிக்கு மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பிரஷரை ஏற்றும். தொண்டைக்கு நல்லது என்று நாள்தோறும் வாயில் அடக்கும் அதிமதுரமும் அப்படித்தான். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் செய்கிற வேலையையே அது செய்யவைக்கிறது: உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும். நாட்டு மருந்துதானே, இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வது என்று நினைக்காதீர்கள்.

அந்த ஹார்மோனைத் தடுக்கிற பழைய, மலிவான மாத்திரைதான் ஸ்பைரோனோலாக்டோன். 2015-இல் வெளியான பிரிட்டனின் பாத்வே-2 ஆய்வு, மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு நான்காவதாக எதைச் சேர்ப்பது என்று பார்த்தது. பைசோப்ரோலால், டாக்சசோசின் என்ற வேறு இரண்டு பிரஷர் மருந்துகளையும்விட ஸ்பைரோனோலாக்டோன் தெளிவாக முந்தியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், வீட்டில் அளந்த மேல் எண் சராசரியாக 8.7 புள்ளி கூடுதலாக இறங்கியது. இதைப் படித்துவிட்டுத் தானே வாங்கிப் போடுவதுதான் அடுத்த தவறு. இந்த மாத்திரை பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும். 'லோ சோடியம்' உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. மாத்திரையோடு இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ரத்தப் பரிசோதனை செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுநீரக ரத்தக்குழாயின் நரம்புகளைச் சுட்டுப் பிரஷரைக் குறைக்கும் சிகிச்சையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். முதலில் வந்த ஆய்வுகளில் 30 புள்ளிக்கு மேல் இறங்கியது. 2014-இல் சிம்பிளிசிட்டி-3 ஆய்வில் 535 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நரம்பைச் சுடாமல் பாவனைச் சிகிச்சை மட்டும் செய்தார்கள். நரம்பு சுடப்பட்டவர்களுக்கு 14, சுடப்படாதவர்களுக்கு ஏறக்குறைய 12 புள்ளி இறங்கியது. கவனிப்பும் ஒழுங்காக மாத்திரை போடுவதும் எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை. கருவிகள் மேம்பட்ட பிறகு வந்த ஆய்வுகளில் மிதமான பலன் உறுதியாகி, 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பலன் உண்டு. ஆனால் மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடலாம் என்று நம்பி யாரும் போக வேண்டாம்.

இனி நெஞ்சுவலி. பிரஷர் உள்ள ஒருவருக்கு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் படுத்திருக்கும்போதே நெஞ்சு இறுக்குகிறது. பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. காலையில் ஈ.சி.ஜி. சரி, டிரெட்மில் சரி, ஆஞ்சியோவிலும் அடைப்பு இல்லை. 'கேஸ்தான், ஓமத் தண்ணி குடி' என்று வீட்டில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு பதறுகிற இடம் இது. அடைப்பே இல்லாத ரத்தக்குழாயும் திடீரென்று தானாகச் சுருங்கிக்கொள்ளும். 1959-இல் பிரின்ஸ்மெட்டல் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த நெஞ்சுவலி இதுதான். நடந்தால் வராது, ஓய்வில் வரும், பெரும்பாலும் நடு இரவுக்கும் விடியலுக்கும் நடுவில். ஆஞ்சியோ எடுக்கும் நேரத்தில் குழாய் சுருங்காமல் இருந்தால் படம் சுத்தமாகத்தான் வரும். சந்தேகம் இருந்தால், அசிட்டைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்திச் சுருங்குகிறதா என்று, ஆஞ்சியோ எடுக்கும் அறையான கேத் லேபிலேயே பார்க்கும் சோதனை இருக்கிறது. அதைக் கேட்பதில் தவறே இல்லை.

பிரஷரும் இந்தச் சுருக்கமும் ஒரே ஆளுக்கு இருந்தால் மருந்துச் சீட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் சிலருக்குச் சுருக்கத்தை அதிகமாக்கும். டில்டியாசம், அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்கள் இரண்டுக்கும் உதவும். அதனாலேயே, 'பிரஷர் நார்மல் ஆயிடுச்சு' என்று அவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். மருந்தை அடுக்கிக்கொண்டே போவதும் உதவாது. ஜப்பானில் இந்தச் சுருக்கம் உள்ள 1,429 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்தை நீண்ட நாள் எடுத்தவர்களுக்குப் பின்விளைவுகள் குறையவில்லை. அதோடு நிகோராண்டில் என்ற இன்னொரு நெஞ்சுவலி மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு நிலைமை மோசமாகவே இருந்தது. சிகரெட்டை விடுவது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. வலி வந்து சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் ஆட்டோவைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆய்வில் சேரக் கேட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். வெற்று மாத்திரை என்றால் சிகிச்சையே கிடையாது என்று அர்த்தமில்லை. பாத்வே-2-இல் எல்லோருக்கும் பழைய மூன்று மருந்தும் தொடர்ந்தது. இந்தியாவில் மருந்து ஆய்வுகள் 2009-லிருந்து சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரி புரியவில்லையோ அதன் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு எடுத்து வாருங்கள். அந்தக் கோட்டிலிருந்தே நான் பேச ஆரம்பிக்கிறேன்.