கடலாமையோடு முதல் ஸ்கூபா: கிலி தீவுகளில் தொடங்குவது எப்படி?

இந்தோனேசியாவின் லொம்போக்கை ஒட்டி, வடமேற்கில் மூன்று குட்டித் தீவுகள் இருக்கின்றன: கிலி திராவாங்கான், கிலி மேனோ, கிலி ஆயர். பெட்ரோல் வண்டிச் சத்தம் கிடையாது. பெரும்பாலும் சைக்கிளும் குதிரை வண்டியும்தான். கடலாமை பார்க்கவே ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவது) கற்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். பேராமை, அழுங்காமை இரண்டையும் இங்கே ஆழம் குறைந்த பவளத்திட்டுகளிலேயே பார்த்துவிடலாம்.

1. எந்தப் பயிற்சி?

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ‘டிஸ்கவர் ஸ்கூபா’ போதும். பயிற்றுநர் கூடவே இருப்பார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். மூன்று, நான்கு நாள் ஒதுக்க முடிந்தால் ‘ஓப்பன் வாட்டர்’ முடித்து 18 மீட்டர் வரை போகலாம். அதற்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். இரண்டுக்குமே குறைந்தபட்ச வயது 10. உடல்நலப் படிவத்தை ஒளிவுமறைவில்லாமல் நிரப்புங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

2. காது

தொடக்கத்தில் பலரைப் படுத்துவது இதுதான். 10 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்காகிவிடும். மூக்கை மாஸ்க்கோடு சேர்த்துப் பிடித்து மென்மையாக ஊதினால் காதுக்குள் ‘டப்’ என்று விடும். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், தலை முங்கியதுமே தொடங்கி அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். அடைத்துக்கொண்டால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். முக்கி ஊதக் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அதன் வேகம் தண்ணீருக்குள்ளேயே தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்?

3. மூச்சு

மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். மேலே வர வர நுரையீரலில் உள்ள காற்று விரியும். வெளியே விடாமல் ஏறினால் நுரையீரலே கிழியலாம். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது உடல் லேசாக மேலே ஏறும், விடும்போது கீழே இறங்கும். இது பிடிபட்டால் பாதி ஸ்கூபா வந்த மாதிரி. கையை வீசி அடித்தால் காற்றும் சீக்கிரம் தீரும், ஆமையும் ஓடிவிடும். கையைக் கட்டிக்கொண்டு காலை மட்டும் அசைத்து நீந்துங்கள்.

4. சைகை

நாம் ‘சூப்பர்’ என்று கட்டைவிரலை உயர்த்துவோம். கீழே அதற்குப் பொருள் ‘மேலே போகலாம்’. ஆமையைப் பார்த்த குஷியில் அதைக் காட்டினால், பயிற்றுநர் உங்களை மேலே கூட்டிப் போய்விடுவார்! நலமாக இருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். பிரச்சினை என்றால் கையை விரித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டிவிட்டு, எங்கே சிரமமோ அதைத் தொட்டுக் காட்டுங்கள்.

5. ஆமையருகில்

மேனோவை ஒட்டி ‘டர்ட்டில் ஹெவன்’ என்றே ஒரு இடம் உண்டு. கிளியலகு போல வளைந்த மூக்கு இருந்தால் அழுங்காமை. அது கடற்பஞ்சைக் கிழித்துத் தின்னும்போது துணுக்குகள் பறக்கும். அவற்றைப் பொறுக்க வண்ண மீன்கள் தலையைச் சுற்றி மொய்க்கும். இதைப் பார்க்க நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் அசையாமல் இருந்தாலே போதும். துரத்தினால் முதுகுதான் தெரியும். அதன் தலைக்கு நேர் மேலே மட்டும் நிற்காதீர்கள்; அதற்கும் மூச்சு விட மேலே போயாக வேண்டும், வழியை அடைக்கக் கூடாது. தொடவே வேண்டாம். முதல் தடவை கேமராவும் வேண்டாம் என்பது என் கட்சி: படம் எடுக்கிற மும்முரத்தில் காற்று அளவைப் பார்க்க மறந்து பவளத்தில் இடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ஆமையைவிட நான் பயப்படுவது டைட்டன் டிரிகர் என்கிற பெரிய கிளாத்தி மீனுக்குத்தான். முட்டையைக் காக்கும் நேரத்தில் பாய்ந்து கடிக்கும். கூட்டுக்கு மேலே உள்ள தண்ணீர் முழுவதும் தன் எல்லை என்பது அதன் எண்ணம். அதனால் மேலே ஏறித் தப்பிக்காமல், பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

6. மேலே வருவது

200 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) தொடங்கும் சிலிண்டர் 100-க்கு வந்ததும் பயிற்றுநருக்குக் காட்டுங்கள். 50 மிச்சம் இருக்கும்போது மேலே வந்திருக்க வேண்டும். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம்.

அப்புறம், பயணத் திட்டம். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது; அழுத்தம் குறைந்தால் உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடலாம். லொம்போக்கின் ரிஞ்சானி மலை 3,726 மீட்டர். மலை உயரத்திலும் இதே ஆபத்து உண்டு. இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்கள் மலையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.